இது எந்த வயல் நெல்லு மனே?

மண்டூருக்குப் போவதென்றால் குருமன்வெளியில் பாதை ஏற வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே 'பாதை' என்றால் வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரிசி மூட்டை எல்லாம் அதில்தான் அக்கரை போகும். 2022இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து கிலோ சிவப்பரிசிப் பை ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நின்றேன். பையில் இருந்த எழுத்து அத்தனையும் நான் எழுதியது. அதை மாமாவிடம் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் போனேன்.

மட்டக்களப்பு டவுனில் மொழிபெயர்ப்பும் விளம்பர எழுத்தும் செய்து பிழைக்கிறேன். கடைப் பலகை, கலியாணக் காட், திட்ட அறிக்கை, பைக்கற்றில் ஒட்டும் லேபல், எது வந்தாலும் எழுதுவேன். இந்தப் பை ஓர் அரிசி ஆலைக்காரருக்காகச் செய்தது. "இப்ப எல்லாரும் இயற்கை எண்டுதான் தேடுறாங்க தம்பி. அப்பிடி ஏதும் போடுங்க" என்றார். நான் போட்டேன்: 'நூறு வீதம் இயற்கையானது. சூழல்நேயமானது. நிலைபேறான விவசாயத்தில் விளைந்தது.' பக்கத்தில் இரண்டு பச்சை இலை. பின்னால் வயலும் சூரியனும்.

மாமா வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் நாற்பது வருடமாக வெள்ளாமை செய்கிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையைத் திருப்பித் திருப்பி வாசித்தார். ஒரு பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். அப்புறம் கேட்டார்:

"இது எந்த வயல் நெல்லு மனே?"

எனக்குத் தெரியாது. ஆலைக்காரருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். வெல்லாவெளிப் பக்கத்து நெல்லும் சம்மாந்துறைப் பக்கத்து நெல்லும் ஒரே களஞ்சியத்தில்தான் கொட்டப்பட்டிருக்கும். மாமா குறை சொல்லும் நோக்கத்தில் கேட்கவில்லை. ஒரு வயல்காரன் நெல்லைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி அதுதான். யார் விதைத்தது, எந்தக் குளத்துத் தண்ணீர், யூரியா போட்டதா, எத்தனை தடவை மருந்தடித்தது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. நான் எழுதிய மூன்று வரியில் அதற்கு ஒரு பதிலும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நிறுவனம் தன் சூழல் அக்கறையைப் பற்றிச் சொல்கிற எதையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே வாசிக்கிறேன்.

அதற்கு முந்தின வருடம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. ஒரே வர்த்தமானியில் நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாறும் என்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டுக்குப் போன அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அதே நேரம் எங்கள் மாவட்டத்தில் பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டு, பயிர் மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றார்கள் மனிதர்கள். சீனாவில் இருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலின் சரக்கில் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லி இறக்க விடவில்லை. பிறகு அந்தக் கம்பனிக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. நவம்பர் கடைசியில் தடையை நீக்கினார்கள். அதற்குள் போகம் கைவிட்டுப் போய்விட்டது.

இதை அரசியலாகச் சொல்லவில்லை. ஒரு நாடே தன்னைப் பற்றிச் செய்த மிகப் பெரிய 'பசுமை' விளம்பரம் அது. அந்த விளம்பரம் பேசிய திசையைப் பாருங்கள். கிளாஸ்கோவுக்குக் கேட்டது, மண்டூருக்குக் கேட்கவில்லை. ஒரு வயல் சேதன வயல் என்று ஐரோப்பியச் சான்று வாங்க வேண்டுமென்றால், நெல் போன்ற பயிருக்கு விதைப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வருட மாறுகாலம் வேண்டும். மரப்பயிருக்கு மூன்று வருடம். மண் ஆறுவதற்கு அவ்வளவு நாள் ஆகும் என்பது வயல்காரருக்குத் தெரியும். அவர்களிடம் முதலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு படுவான்கரையில் 'இயற்கை', 'சேதனம்' என்ற சொற்களைக் கேட்டாலே முகம் சுருங்குகிறது. அவற்றில் ஒன்றைத்தான் நான் 2022இல் பையில் அச்சடித்தேன்.

'நிலைபேறான' என்ற சொல்லும் இங்கே பிறந்ததில்லை. சுனாமிக்குப் பிறகு, யுத்தத்துக்குப் பிறகு, திட்டப் பலகைகளோடு வந்தது. கல்லடியில் இருந்து திருக்கோவில் வரை கரையோரம் முழுக்க நீலப் பலகை, வெள்ளைப் பலகை. 'நிலைபேறான வாழ்வாதாரம்', 'நிலைபேறான மீன்பிடி'. நானே அவற்றில் பலவற்றை மொழிபெயர்த்திருக்கிறேன். திட்டம் முடிந்த பிறகும் பலகை நின்றது. எனக்கு அந்தச் சொல்மீது கோபமில்லை. நல்ல சொல்தான், 'பேறு' என்பது தமிழில் எவ்வளவு கனமான சொல். அதை யாரும் யாருக்கும் விளக்காமல் பலகையில் மட்டும் விட்டுவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

*

அடுத்து வந்த வேலை கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்கு. பெயர் வேண்டாம். அறைகளில் வைக்கிற சிறிய அட்டைகளை ஆங்கிலத்தில் திருத்தித் தரச் சொன்னார்கள். 'பூமியைக் காப்போம். துவாயைக் கொக்கியில் தொங்கவிட்டால் மீண்டும் பாவிப்பேன் என்று அர்த்தம், தரையில் போட்டால் கழுவத் தருகிறேன் என்று அர்த்தம்.' உலகம் முழுவதும் ஹோட்டல்களில் இருக்கும் அதே அட்டை.

அந்த அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. 'கிரீன்வோஷிங்' என்ற சொல்லை, பச்சைச் சாயம் பூசுதல் என்று நாம் சொல்லலாம், 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் முதன்முதலாகப் பாவித்தார். சில வருடங்களுக்கு முன் பிஜித் தீவில் ஒரு விடுதியில் பார்த்த துவாய் அட்டைதான் அதற்குக் காரணம். கடலையும் பவளப் பாறையையும் காக்க உதவுங்கள் என்று விருந்தாளியிடம் கேட்ட அந்த இடம், அதே நேரம் தன் கட்டடங்களைப் பெருப்பித்துக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்துத் தீவில் ஒரு துவாயில் தொடங்கிய சொல் நாற்பது வருடம் கழித்து எங்கள் கரைக்கு வந்து சேர்ந்ததை நினைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்தேன்.

அறைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனபோது, படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து ஊர்தான். ஏழு வருடமாக அங்கே வேலை.

"அக்கா, இந்த அட்டையைப் பார்த்து விருந்தாளிகள் துவாயைத் தொங்க விடுறாங்களா?"

"அந்த அட்டையை நான் ஒவ்வொரு நாளும் துடைச்சு வைக்கிறன் தம்பி. என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது."

நான் வாசித்துச் சொன்னேன். அவர் கையில் இருந்த விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப தொங்கவிட்டா மாத்தக் கூடாதா? எங்களுக்கு எல்லாத்தையும் மாத்தச் சொல்லித்தானே சொன்னது."

ஏழு வருடம். எத்தனை விருந்தாளிகள் நல்ல மனதோடு துவாயைக் கொக்கியில் தொங்கவிட்டுப் போயிருப்பார்கள். அத்தனையும் கழுவப்பட்டிருக்கிறது. முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அட்டை தலைமை அலுவலகத்தில் இருந்து வந்தது, அறை சுத்தம் செய்யும் முறை பழைய ஆளிடம் இருந்து வந்தது. இரண்டும் ஒருநாளும் சந்திக்கவில்லை. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் விருந்தாளிக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர் அந்த அக்கா. அவருக்கு அந்த வாக்கே தெரியாது.

தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன், அதைச் சலவை அறைச் சுவரில் ஒட்டினார்கள். பிறகு ஒருநாள் அந்த அக்காவே சொன்னார், கல் கிணறும் மோட்டரும் இருக்கிற தன் வீட்டில் வெயில் காலத்தில் தண்ணீர் கீழே போகிறதாம். ஹோட்டலில் தண்ணீர் மிச்சம் பிடித்தால் தன் கிணற்றுக்கு நல்லது என்று அவர் யோசித்ததை எந்த ஆங்கில அட்டையும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 2008இல் அமெரிக்காவில் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்ற மூவர் ஹோட்டல் அறைகளில் வெவ்வேறு அட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். 'சூழலைக் காக்க உதவுங்கள்' என்ற வழமையான அட்டைக்கு 100இல் 37 பேர் துவாயைத் திரும்பப் பாவித்தார்கள். 'இதே அறையில் முன்பு தங்கியவர்களில் பெரும்பாலானோர் திரும்பப் பாவித்தார்கள்' என்று எழுதியபோது அது 49 ஆனது. பூமி என்றால் தூரம். இந்த அறை என்றால் பக்கம். சந்தைப்படுத்தலில் இருப்பவர்கள் இதை விற்பனை உத்தியாகப் படிக்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. பக்கத்தில் நடந்ததைச் சொன்னால் மனிதர்கள் நம்புகிறார்கள். அப்படியென்றால் பக்கத்தில் உண்மையாகவே நடந்திருக்கவும் வேண்டும்.

*

மட்டக்களப்புக்கு இந்த விடயத்தில் ஒரு பெருமை இருக்கிறது, எங்களில் பல பேருக்கே அது தெரியாது. 2019இல் இங்குள்ள பிராண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலை, உலகத்திலேயே முதலாவதாக நிகர பூச்சிய காபன் சான்று பெற்ற ஆடை உற்பத்தி நிலையம் என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எழுதின. எங்கள் தெருவில் நான் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

சரி, நிகர பூச்சியம் என்றால் என்ன? ஓர் இடம் வெளிவிடுகிற, பூமியைச் சூடாக்குகிற பைங்குடில் வாயுவைக் கணக்கெடுப்பது, முடிந்த அளவு குறைப்பது, மிச்சத்தை வேறு வழியில் ஈடுசெய்து கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டு வருவது. இதில் முக்கியமான சொல் 'இடம்'. கணக்கெடுக்கிறவர்கள் மூன்று வட்டம் போடுவார்கள். முதல் வட்டம் தொழிற்சாலைக்குள் எரிக்கிற எரிபொருள். இரண்டாவது வாங்குகிற மின்சாரம். மூன்றாவது மற்ற எல்லாம்: பருத்தி விளைந்த வயல், துணி நெய்த ஆலை, சாயத் தொட்டி, கப்பல், கடை, வாங்கியவர் வீட்டுச் சலவை இயந்திரம். ஓர் உடுப்பின் சுமையில் பெரும்பங்கு அந்த மூன்றாவது வட்டத்தில்தான் கிடக்கிறது, தையல் மேசையில் இல்லை.

ஆகவே 'நிகர பூச்சியத் தொழிற்சாலை' என்பதை 'நிகர பூச்சிய உடுப்பு' என்று யாராவது மாற்றிச் சொன்னால் அங்கே பொய் நுழைகிறது. தொழிற்சாலை என்ற சொல் தனக்கு எல்லை போட்டுக்கொள்கிறது, அதனால் அதைச் சோதிக்கலாம். ஒரு நல்ல கூற்றை அதன் வேலியைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறேன். எங்கிருந்து எங்கு வரை என்று சொல்கிறதா? சொன்னால் மரியாதையோடு மேலே வாசிப்பேன். 'எங்கள் ஒவ்வொரு செயலிலும் இயற்கை' என்று தொடங்கினால் அது வேலி இல்லாத வளவு, யார் மாடும் மேயும்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடிய ஐந்தரைக்கு பஸ். அவளுடைய இடத்தில் சூழல் விடயமாக என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது கூச்சப்பட்டாள். பிறகு சொன்னாள்: "காலமை போனதும் எங்கட லைன்ல இருக்கிற பைப் எல்லாம் ஒழுகுதா எண்டு பார்க்கிறது என்ட பொறுப்பு அண்ணா. ஒழுகினா எழுதி வைப்பன். போன மாதம் ரெண்டு." நான் படித்த எந்த நிறுவன அறிக்கையிலும் இவ்வளவு தெளிவான வசனம் இல்லை. அந்த அறிக்கைகள் கனமான ஆங்கிலத்தில், கொழும்பில் இருந்து இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் எழுதப்படுகின்றன. அந்த எண்களைத் தன் கையால் உண்டாக்குகிற பிள்ளைக்கு அதில் ஒரு பக்கம்கூடத் தமிழில் கிடைப்பதில்லை.

என் முழு ஆதங்கமும் இதுதான். சூழலைப் பற்றிய பேச்சு எப்போதும் தூரத்தில் இருக்கிற வாங்குபவரைப் பார்த்தே பேசுகிறது. பக்கத்தில் இருக்கிறவர், அதாவது கிணற்றுக்காரர், வலைக்காரர், துணி மடிக்கிறவர், பக்கத்து வயல்காரர், அவர்தான் அது உண்மையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லக் கூடியவர். அவரிடம் யாரும் சொல்வதில்லை. சோதிக்கக் கூடியவருக்குக் கேட்காத மாதிரிச் சொல்கிற வாக்குக்குப் பலம் எங்கிருந்து வரும்?

*

தூரத்தில் இருக்கிறவர்களும் இப்போது வெறும் வார்த்தையை ஏற்பதில்லை. வொக்ஸ்வேகன் கார்க் கம்பனி 'சுத்தமான டீசல்' என்று விளம்பரம் செய்தது. பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கிற மென்பொருள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இருந்தது 2015 செப்டெம்பரில் வெளியே வந்தது. 2024 மார்ச்சில் அம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கே.எல்.எம். விமான நிறுவனத்தின் 19 சூழல் விளம்பரக் கூற்றுகளில் 15 மக்களைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டப்படி, 2026 செப்டெம்பர் 27 முதல் ஆதாரமில்லாமல் 'சூழல்நேயம்', 'பசுமை' என்று பொதுவாகப் போட முடியாது. எங்கோ மரம் நட்டு ஈடுசெய்ததை வைத்து ஒரு பொருளைக் 'காபன் நடுநிலை' என்றும் விற்க முடியாது. இந்தியாவும் 2024 ஒக்டோபரில் இதற்கென்று வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. இங்கிருந்து உடுப்பும் தேங்காயும் மீனும் ஐரோப்பாவுக்குப் போகிறது, ஆகவே இது எங்கள் லேபலையும் தொடும்.

இலங்கையில் பசுமை விளம்பரத்துக்கென்று தனிச் சட்டத்தைத் தேடிப் போகத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் மக்களைத் தவறாக வழிநடத்துகிற வியாபார நடத்தையையும் பொய்யான கூற்றையும் தடுக்கின்றன. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. விலை கூட்டி விற்றால் நாம் அதை அழைக்கிறோம். 'உக்கும்' என்று பொய் சொன்ன பைக்காக யாராவது அழைத்திருக்கிறோமா?

உக்கும் என்றதும் ஞாபகம். 2017இல் பொலித்தீன் லஞ்ச் சீட்டைத் தடை செய்த பிறகு, சோத்துப் பார்சல் கட்டுவதற்கு 'உக்கக் கூடியது' என்று எழுதிய தாள்கள் வந்தன. அதில் ஒரு வகையை வாங்கி, வீட்டுக் கொய்யா மரத்தடியில் நவம்பரில் புதைத்தேன். மாரி மழை முழுக்க அதன்மேல் பெய்தது. ஜூலையில் தோண்டினேன். எழுத்து மட்டும் அழிந்திருந்தது. தாளைக் கழுவினால் மறுபடி சோறு கட்டலாம் போல இருந்தது. பக்கத்திலேயே புதைத்த வாழையிலை இருந்த இடமே தெரியவில்லை.

பிறகு படித்து விளங்கிக்கொண்டேன். உண்மையான உக்கும் பிளாஸ்டிக்கிலும் பெரும்பாலானவை தொழில்முறை உரக்கிடங்குக்காகச் செய்தவை. ஐரோப்பாவின் ஈ.என். 13432 என்ற தரம் அப்படிப்பட்ட கிடங்கை வைத்துத்தான் சோதிக்கிறது. ஏறத்தாழ 58 பாகை வெப்பம், சரியான ஈரம், ஆறு மாதத்துக்குள் 90 வீதம் உக்க வேண்டும். கொய்யா மரத்தடியில் அந்த வெப்பம் வராது. 'எங்கே உக்கும்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் மீதி வசனம் முழுக்கப் பிழையாகிவிடுகிறது.

அப்படி எழுத்தில் மட்டும் உக்குகிற பைகள் கடைசியில் எங்கே போகின்றன என்பதை அம்பாறைக்காரர் நன்றாக அறிவார்கள். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் கூட்டமாக வந்து பைகளைக் கிளறித் தின்கின்றன. எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும். அந்தப் படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். சில உறைகளில் பச்சை இலை அச்சடித்திருந்தது. இரண்டு இலை. என் அரிசிப் பையில் போட்டதும் அந்த மாதிரிதான். அது என் பை இல்லை. இருந்தாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

*

எருமைத் தயிர் விற்கிற அம்மா ஒருவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவார். மண்சட்டி, மேலே ஒரு தாள், கயிறு. லேபல் கிடையாது. ஏன் பிளாஸ்டிக் வாளிக்கு மாறவில்லை என்று கேட்டேன். சூழலைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சட்டி தண்ணியைக் குடிக்கும் மனே, தயிர் இறுகும். வாளியில தயிர் தண்ணி விட்டுரும்" என்றார். சட்டியைத் திருப்பிக் கொடுத்தால் காசில் கழிப்பார். சட்டி சுடுவதற்கும் விறகு எரிகிறது, ஆகவே அதையும் புனிதமாக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்ன காரணத்தை நான் அந்த இடத்திலேயே தின்று பார்க்கலாம்.

மருதமுனையில் சாரன் நெய்கிற ஒரு காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) லேபல் எழுதும்போது இதை நினைத்துக்கொண்டேன். அவர் முதலில் கேட்டது வழமையானதுதான்: சூழல்நேயக் கைத்தறி. இருவருமாக இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தறி கைத்தறியா? ஓம், கால் மிதித்து நெய்வது, மின்சாரம் இல்லை. நூல்? இந்தியாவில் இருந்து வருகிறது. சாயம்? இரசாயனச் சாயம். சாயத் தண்ணீர் எங்கே போகிறது? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதைக் கேட்காதீங்க தம்பி. இன்னும் அதுக்கு ஒரு வழி பண்ணல்ல" என்றார்.

கடைசியில் லேபலில் நின்றது இவ்வளவு: 'மருதமுனையில் மின்சாரம் இல்லாமல் கைத்தறியில் நெய்தது. நூல் இந்தியாவில் இருந்து. ஒரு சாரனுக்கு ஒருவருடைய ஒருநாள் வேலை.' சாயத்தைப் பற்றி எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டதும் ஒரு குறைதான் என்று எனக்குப் படுகிறது. காக்காவும் அதை மறக்கவில்லை, சாயத் தண்ணீருக்கு மணலும் கரியும் போட்ட தொட்டி ஒன்று கட்டுவதைப் பற்றிப் போன முறை விசாரித்துக்கொண்டிருந்தார். லேபல் எழுத உட்கார்ந்தபோது வந்த கேள்வி அது. விளம்பர எழுத்தால் ஒரு நன்மை உண்டென்றால் இப்படித்தான் வரும் என்று நம்புகிறேன்: எழுத முடியாத வரி எது என்று கண்டுபிடித்து, அதை எழுதக் கூடிய நிலைக்கு வேலையை மாற்றுவது.

சில நிறுவனங்கள் பழி வரும் என்ற பயத்தில் செய்த நல்லதையும் சொல்லாமல் விடுகின்றன. அதையும் நான் சரி என்று நினைக்கவில்லை. சொல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் எதைப் பார்த்துப் பழகுவார்? சின்னதாக, அளந்து, சொன்னால் போதும். 'இந்த வருடம் பொலித்தீன் பை கொடுப்பதைப் பாதியாக்கினோம். மீன் கட்டுவதற்கு இன்னும் கொடுக்கிறோம், வேறு வழி கிடைக்கவில்லை' என்று ஒரு கடை எழுதினால் நான் அங்கேதான் சாமான் வாங்குவேன்.

*

போன சிறுபோகத்தில் அரிசி ஆலைக்காரரிடம் நானே போனேன். 2022இல் செய்த பையைத் திரும்ப அச்சடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். காசு வேண்டாம், எழுத்தை மாற்றித் தருகிறேன் என்றேன். மாமாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லா நெல்லையும் பிரிக்க முடியாது, ஒரு ஆளின் இரண்டு வயலை மட்டும் தனியாகக் குத்திப் பார்க்கலாம் என்றார். ஐந்நூறு பை.

வயல்காரரைப் பார்க்க மூவருமாகப் போனோம். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன், கேள்வி கேட்க அவரைவிட ஆளில்லை. நவகிரிக் குளத்து வாய்க்கால் தண்ணீர். மாட்டெருவும் யூரியாவும் இரண்டும் போட்டிருந்தார். யூரியாவை முன்பைவிடக் குறைத்திருந்தார், அதன் கணக்கு ஒரு கொப்பியில் இருந்தது. களைநாசினி அடித்திருந்தார். 'இயற்கை' என்ற சொல்லைப் போட இடமே இல்லை. போடவும் இல்லை. பையின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதினேன்: எந்த வயற்கண்டம், எந்தக் குளம், எருவும் யூரியாவும் எவ்வளவு, களைநாசினி ஒரு தடவை, வெட்டிய மாதம், ஆலையின் போன் இலக்கம். தமிழில் பெரிய எழுத்தில். முன்பக்கத்தில் 'சிவப்பரிசி' என்று மட்டும். இலைகளை எடுத்துவிட்டேன்.

ஆலைக்காரருக்குப் பயம் இருந்தது. யூரியா, களைநாசினி என்று பையிலேயே எழுதி யார் விற்கிறார்கள்? முதல் வாரம் மெதுவாகப் போனது. இரண்டாவது வாரம் ஒரு போன் வந்தது. கொழும்புக் கடை எதுவும் இல்லை. வெல்லாவெளியில் இருந்து ஒரு வயல்காரர்.

"ஒரு தடவை களைநாசினி எண்டு போட்டிருக்கு. ரெண்டு தடவை அடிச்சது. நான் பக்கத்து வயல், கண்ணால பாத்தனான்."

ஆலைக்காரர் அன்றே போய் வயல்காரரிடம் கேட்டார். அவர் மறைக்கவில்லை. இரண்டாவது தடவை கீழ்ப்பக்கத்து வரம்போரம் மட்டும் அடித்தது, அது கணக்கில் வரும் என்று நினைக்கவில்லை என்றார். மாமாவிடம் போனில் சொன்னேன். "வரும் மனே" என்றார்.

விற்றுப் போனது போக முந்நூற்றுச் சொச்சம் பை மிச்சமிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஆலையில் பாய் விரித்து உட்கார்ந்து, நானும் ஆலைக்காரரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும், ஒவ்வொரு பையிலும் 'ஒரு' என்பதைப் பேனையால் வெட்டி 'இரண்டு' என்று எழுதினோம்.